ஒரு பவுண்டு தானியம்

பசியும் பானையும்: கல்வராயன் அடிவாரத்தின் உணவு வரலாறு – 12

தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் விதித்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த அளவைத் தின்றுகொண்டு மண் சுமந்தால் உடம்பு நிற்காது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடியதையும் பார்த்தோம்.

66 ஆண்டுகள் கழிந்து, 1943இல், அதே ஒரு பவுண்டு மறுபடியும் அரசாங்கக் காகிதத்தில் வந்து உட்கார்ந்தது. இந்திய அரசு அமைத்த உணவுதானியக் கொள்கைக் குழு, சர் தியோடர் கிரெகரியின் தலைமையில் கூடி, லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் பங்கீடு வேண்டும், வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரு பவுண்டு என்றால் இன்றைய கணக்கில் ஏறக்குறைய 454 கிராம்.

1877இல் அது பஞ்சக் கூலியின் அளவு. 1943இல் அது குடிமகனின் உரிமை. இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ மாறியிருந்தது. ஆனால் இரண்டு முறையும் அதிகாரிகள் கேட்டது ஒரே கேள்வி: எவ்வளவு? சின்னசேலத்துப் புன்செய்க் காட்டில் உலை வைத்தவர்களைக் கேட்டிருந்தால் அவர்கள் இன்னொரு கேள்வியையும் சேர்த்திருப்பார்கள்: எந்தத் தானியம்? இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

மல்லாட்டையில் விழுந்த முதல் அடி

சின்னசேலத்தின் பெயரில் சேலம் இருந்தாலும், அது அன்று தென்னாற்காடு மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி தாலுகாவைச் சேர்ந்த ஊர். மேற்கே தலைவாசலும் ஆத்தூரும் சேலம் மாவட்டம். வடமேற்கில் கல்வராயன் மலை. மலையில் விழும் மழை ஓடையாய் இறங்கி ஏரிகளை நிரப்பும். நிரம்பாத ஆண்டில் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித்தான் பயிரைக் காப்பாற்ற வேண்டும். கோமுகி அணை வந்தது 1965இல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கம்பு, கேழ்வரகு, சோளம், வரகு, சாமை ஆகியவைதான் அதன் பயிர். நெல் இருந்தது, ஏரிப் பாசனத்துக்குக் கீழே, கொஞ்சம்.

இன்னொரு பயிரும் இருந்தது. மணிலாக்கொட்டை. தென்னாற்காட்டார் வாயில் அது மல்லாட்டை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே தென்னாற்காட்டின் புன்செயில் அது பரவிக்கொண்டு வந்தது. கம்பு விளைந்த நிலங்கள் பலவற்றில் மல்லாட்டைக் கொடி படர்ந்தது. காரணம் எளியது: கம்பு வயிற்றை நிரப்பும், மல்லாட்டை வரியையும் கடனையும் கட்டும். புதுச்சேரி, கடலூர்த் துறைமுகங்கள் பக்கத்திலேயே இருந்தன. கப்பலேறிய பருப்பில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குப் போனது, முக்கியமாகப் பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்கு.

1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மானியரிடம் வீழ்ந்தது. அந்தச் சந்தை ஒரே மாதத்தில் மூடிக்கொண்டது. போரின் முதல் அடி இந்த வட்டாரத்துக்கு அரிசி வழியாக வரவில்லை, மல்லாட்டை வழியாக வந்தது. தானியம் விளைத்த நிலத்தைக் காசுப் பயிருக்குக் கொடுத்துவிட்டுக் காசு கொடுத்துத் தானியம் வாங்கப் பழகியிருந்த குடும்பம், இப்போது காசுக்கும் தானியத்துக்கும் நடுவில் நின்றது. 1942இல் அரசு ‘அதிக உணவு விளைவிப்போம்’ என்று இயக்கம் தொடங்கி, உணவுப் பயிருக்குத் திரும்பச் சொன்னது. ஆனால் சொன்னவுடன் நிலம் திரும்பிவிடுமா? விதை வேண்டும், மழை வேண்டும், ஒரு பருவம் வேண்டும்.

ரங்கூன் விழுந்த பிறகு

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழ, சென்னைப் பட்டணம் மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக்கு ஓடியது. அந்த ஓட்டத்தை நாவல்களும் நினைவுக் குறிப்புகளும் நிறையச் சொல்லியிருக்கின்றன. ரங்கூனோடு சேர்ந்து போனது என்ன என்பதை அவ்வளவாகச் சொல்லவில்லை.

பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி வந்துகொண்டிருந்தது. இந்தியாவின் மொத்த விளைச்சலோடு ஒப்பிட்டால் அது சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்கைத்தான் மலபாரும் திருவிதாங்கூரும் கொச்சியும் இலங்கையும் நம்பியிருந்தன. அந்த ஊற்று அடைபட்டதும், அரிசி விளையும் தஞ்சாவூரையும் கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகத்தையும் நோக்கி எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் நீண்டன. விலை ஏறியது. இன்னும் ஏறும் என்று பதுக்கினார்கள். பதுக்கியதால் இன்னும் ஏறியது.

வங்காளத்தில் இந்தச் சுழலை யாரும் நிறுத்தவில்லை. 1943இல் அங்கே பசியிலும் அதைத் தொடர்ந்த நோயிலும் மாண்டவர்கள் 30 லட்சம் வரை இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சென்னை மாகாணத்தில் 1939இல் ராஜாஜி அமைச்சரவை விலகியபின் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு இல்லை, கவர்னர் ஆட்சிதான். ஆனாலும் இங்கே நிர்வாகம் விழித்துக்கொண்டது. மொத்த வியாபாரிகளுக்கு உரிமம் வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் தானியம் கொண்டுசெல்லத் தடை வந்தது. விளைந்த நெல்லை அரசே கொள்முதல் செய்தது. நகரங்களில் பங்கீட்டுக் கார்டும், பின்னர் கிராமப்புறங்களில் குடும்பக் கார்டும் வந்தன. திருவிதாங்கூரும் கொச்சியும் நகரம், கிராமம் என்று பாராமல் எல்லோருக்கும் பங்கீடு கொடுத்தன. ‘ரேஷன்’ என்ற சொல் தமிழ் வீட்டுக்குள் நுழைந்து, அதற்குப் பின் வெளியேறவே இல்லை.

மாவட்ட எல்லையில் விழுந்த தடைதான் சின்னசேலம் போன்ற எல்லையூருக்குக் கனத்தது. சேலத்தையும் விருத்தாசலத்தையும் இணைத்த அன்றைய மீட்டர்கேஜ் ரயில் பாதையில் இருந்த ஊர் இது. தலைவாசல் சந்தைக்கும் சின்னசேலம் சந்தைக்கும் வண்டிமாடு ஒரே நாளில் போய்வரும். கொள்வினை கொடுப்பினை இரண்டு பக்கமும் உண்டு. அண்ணன் வீட்டுத் தானியத் தொம்பையில் இருக்கும் கம்பு தங்கை வீட்டு அடுப்புக்கு வர, நடுவில் ஒரு மாவட்டக் கோடு குறுக்கே படுத்தது.

பானையின் கணக்கு

இந்த வட்டாரத்து அடுப்பில் அப்போது என்ன கொதித்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பங்கீட்டின் நன்மை தீமை இரண்டும் அங்கேதான் புரியும்.

காலையில் கூழ். நேற்றுச் செய்த கம்மஞ்சோற்று உருண்டையைத் தண்ணீரில் போட்டுவைத்து, விடிந்ததும் மோர் இருந்தால் மோர், இல்லையென்றால் நீராகாரம் விட்டுக் கரைத்து, வெங்காயமோ பச்சைமிளகாயோ கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். அந்தக் கம்மஞ்சோறு சும்மா வருவதில்லை. கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி, உரலில் இடித்து, முறத்தில் புடைத்து உமி போக்கி, மறுபடி இடித்து, நொய் வேறு மாவு வேறாகச் சலித்து, நொய்யை உலையில் வேகவிட்டு, மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்ட வேண்டும். பெண்களின் இரண்டு மணி நேரம் அந்த உருண்டைக்குள் இருக்கிறது.

பொழுது சாய்ந்தால் கேழ்வரகுக் களி. உலைநீரில் ஒரு பிடி அரிசி நொய் வெந்ததும், மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் குழியிட்டு, ஆவி மேலே வரும்வரை விட்டு, பிறகு பானையைக் காலால் அணைத்துப் பிடித்துத் துடுப்பால் கிண்டுவார்கள். கட்டி விழுந்தால் மாமியார் முகம் சுளிக்கும். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல், கொள்ளுக் கடைசல், மொச்சைக்கொட்டைக் குழம்பு, சந்தை நாளில் கருவாடு. ஏரிக்கரையிலும் காட்டு வரப்பிலும் பறித்த பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் காசில்லாமல் வந்தன. அரிசிச் சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும், விருந்தாளிக்கும், காய்ச்சலில் கிடப்பவருக்கும்.

கல்வராயன் மலைமேல் மலையாளிப் பழங்குடி மக்களின் உணவு இதைவிடவும் அரிசிக்கு அப்பால் இருந்தது. மலைச் சரிவில் சாமை, தினை, கேழ்வரகு. காட்டில் கிழங்கு, தேன், கீரை. அன்று அந்த மலை ஜாகிர்தார்கள் வசம் இருந்தது. அரசு நேரடியாக ஆளத் தொடங்கியதே 1976இல்தான். பட்டணத்துப் பங்கீட்டுக் கார்டுக்கும் அந்த மலைக்கும் நடுவில் சாலைகூட இல்லை.

இந்தத் தானியங்களுக்கு இன்னொரு குணம் உண்டு. உமியோடு இருக்கும் சாமையும் வரகும் எளிதில் கெடாது. கேழ்வரகைப் பூச்சி அரிப்பது அரிது, ஆண்டுக்கணக்கில் கிடக்கும். குழியிலும் குதிரிலும் தொம்பையிலும் ஒரு விளைச்சலை அடுத்த இரண்டு பொய்த்த மழைக்காகப் போட்டுவைப்பது இங்கே பழைய வழக்கம். பஞ்சத்துக்கு எதிராக இந்த மண் கட்டிவைத்த பங்கீட்டு முறை அதுதான். அதற்குக் கார்டு இல்லை, வரிசை இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. தொம்பை நிலம் உள்ளவர் வீட்டில்தான் இருந்தது. நிலமில்லாத குடும்பத்துக்கு அறுவடைக் களத்தில் கிடைத்த தானியக் கூலிதான் ஆண்டு முழுவதற்கும். மல்லாட்டை பரவப் பரவ அந்தக் கூலி காசாக மாறியது. போர்க்கால விலை ஏறியபோது காசுக் கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. தானியமாகக் கூலி வாங்கியவர் பானை ஓரளவு தப்பியது; காசாக வாங்கியவர் பானை ஒடுங்கியது. பழைய உணவைப் புகழும்போது இந்தப் பள்ளத்தையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

கார்டும் ஓட்டைக் காலணாவும்

பங்கீடு முதலில் காப்பாற்றியது மாதச் சம்பளக்காரரை, நெசவாளரை, ரயில்வே ஊழியரை, பள்ளி வாத்தியாரை. வயலும் தொம்பையும் இல்லாத இவர்களுக்குக் கார்டுதான் நிலம். அரிசி மட்டுமல்ல; சர்க்கரையும் மண்ணெண்ணெயும் துணியும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. விளக்கெரிக்க மண்ணெண்ணெய் இல்லாததால் பொழுதோடு சமைத்துப் பொழுதோடு உண்டு படுத்த வீடுகள் ஏராளம். செம்புக்குப் பஞ்சம் வந்து, 1943இல் நடுவில் துளையிட்ட காலணாவை அச்சடித்தார்கள். அந்த ஓட்டைக் காலணாவை அரைஞாண் கயிற்றில் கோத்துக் குழந்தை இடுப்பில் கட்டிய வீடுகள் உண்டு. உலகப்போர் ஒரு பிள்ளையின் இடுப்பில் தொங்கியது.

கடைகளில் கிடைத்ததைக் கொண்டு சமைப்பதே ஒரு கலையானது. தமிழ்நாட்டு அடுப்பு அதிகம் அறியாத கோதுமை பங்கீட்டில் வந்தது. பொங்கலாகவும் உப்புமாவாகவும் கஞ்சியாகவும் அதைப் பழக்கிக்கொண்டார்கள். பெங்களூரில் மாவள்ளி டிபன் ரூம்ஸ் ஹோட்டல்காரர்கள், போர்க்காலத்தில் இட்லிக்கு அரிசி கிடைக்காதபோதுதான் ரவையில் இட்லி வார்த்துப் பார்த்தோம் என்கிறார்கள். இன்று நாம் விரும்பிச் சாப்பிடும் ரவா இட்லிக்குள் ஒரு தட்டுப்பாட்டின் நினைவு இருக்கிறது.

போர் 1945இல் முடிந்தது. பசி முடியவில்லை. மழை பொய்த்து, 1946இல் நாட்டின் அடிப்படைப் பங்கீடு 16 அவுன்சிலிருந்து 12 அவுன்சாகக் குறைந்தது. அதாவது ஏறக்குறைய 340 கிராம். ஐந்து பேர் உள்ள வீட்டில் வளர்ந்தவர் எல்லோருக்கும் முழு அளவு கிடைத்தாலும் ஒரு நாளைக்கு 1.7 கிலோ. கவலை ஓட்டிவிட்டு வருபவருக்குக் களி உருண்டை எத்தனை வேண்டும் என்று அறிந்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருள் புரியும். 1877இல் கார்னிஷ் எழுப்பிய வாதத்தை யாரும் மறுபடி எழுப்ப வேண்டியிருக்கவில்லை. வயிறே எழுப்பியது.

பினாங்கு சொல்லிக்கொடுத்த பாடம்

இதே போர், மேற்கே சேலத்தில் ஒரு தொழிலைப் பெற்றெடுத்தது. அதன் வேர் ஒரு கிழங்கு.

மரவள்ளியை இந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். திருவிதாங்கூரில் 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா அதை ஏழைகளின் உணவாக ஊக்குவித்தார். பர்மா அரிசி நின்றபோது அங்கே எத்தனையோ குடும்பங்களைத் தாங்கியது அந்தக் கிழங்குதான். நெல் விளையாத நிலத்தில், மழை குறைந்த மண்ணில்கூட அது வளரும். தோல் சீவி, நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் உள்ள நஞ்சு அப்படித்தான் போகும். இதைத் தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ஜவ்வரிசி அதுவரை மலாயாவிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் கப்பலில் வந்தது. 1942இல் அந்தக் கப்பல் நின்றது. சேலத்து மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியார் வியாபார வேலையாகக் கேரளம் போய்வருபவர். அங்கே பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யும் வித்தை ஷாவுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து 1943இல் சேலத்தில் அதைக் குடிசைத் தொழிலாகத் தொடங்கினார்கள்.

வேலை முழுக்கக் கைவேலை. கிழங்கின் தோலை உரித்து, கழுவி, அரைத்து, சல்லடையில் பாலை வடித்து, தொட்டியில் தெளியவிடுவார்கள். அடியில் தங்கும் மாவை எடுத்து, துணியில் போட்டுக் குலுக்கினால் மணி மணியாகத் திரளும். அதைச் சூடான தட்டில் வறுத்து, களத்தில் வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுக்கு.

இங்கேதான் நம் கேள்வி மறுபடி தலைகாட்டுகிறது. 1944இல் உணவு நெருக்கடி முற்றியபோது, மரவள்ளி மக்கள் உண்ண வேண்டிய உணவு என்று சொல்லி, சேலம் கலெக்டர் மரவள்ளிப் பொருள் உற்பத்திக்கும் அவற்றை மாவட்டத்துக்கு வெளியே கொண்டுசெல்வதற்கும் தடை விதித்தார். தொழில் செய்தவர்கள் சங்கம் அமைத்து, உணவுப் பொருள் வழங்கல் ஆணையரிடம் முறையிட்டு, தடையை நீக்கவைத்தார்கள். கிழங்கு யாருக்கு? அடுப்புக்கா, ஆலைக்கா? இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. வேகவைத்த கிழங்கு அன்றைய பசியை ஆற்றும். ஆலை, விவசாயிக்குக் காசும் தொழிலாளிக்குக் கூலியும் தரும். முடிவில் ஆலை வென்றது. தடை நின்ற மாவட்டக் கோட்டின் இந்தப் பக்கம் இருந்த சின்னசேலமும் பிற்காலத்தில் ஆத்தூரைப் போலவே சேகோ என்னும் ஜவ்வரிசி ஆலைகளின் ஊரானது. இன்று சாலையோரக் களங்களில் வெள்ளை வெளேரென்று காயும் ஜவ்வரிசி, 1942இல் நின்றுபோன ஒரு கப்பலின் மிச்சம்.

அதே நாட்களில் கடலுக்கு அப்பால் நேர் எதிர்த் திசையில் வரலாறு நடந்தது. மலாயாத் தோட்டங்களுக்குப் போன தமிழரில் சேலம், தென்னாற்காடு, திருச்சி மாவட்டத்தார் ஏராளம். ஜப்பானியர் ஆட்சியில் அங்கே அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே சோறானது. சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு ஆயிரக்கணக்கில் மடிந்தவர்கள் போக, எஞ்சியவர்கள் தோட்டத்து லயங்களைச் சுற்றிக் குச்சி நட்டு உயிர் வாழ்ந்தார்கள். ‘ஜப்பான்காரன் காலம்’ என்றால் அந்தத் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது மரவள்ளிதான். அங்கே உயிர் காத்த கிழங்கு. இங்கே தொழிலான கிழங்கு. இரண்டையும் ஒரே போர் செய்தது.

எந்தத் தானியம்?

1947 டிசம்பரில், காந்தியடிகள் வற்புறுத்திவந்தபடி, உணவுக் கட்டுப்பாடு தளர்ந்தது. விலை ஏறியதும் மறுபடி வந்தது. 1952இல் முதல்வர் ராஜாஜி அதை விலக்கினார். ஆனால் அரசு கொடுக்கும் தானியம் என்ற எண்ணம் மக்கள் மனதில் வேர்விட்டுவிட்டது. 1967இல் அண்ணாவின் அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுத்தது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது. 2011 முதல் தமிழ்நாட்டு அரிசி அட்டைதாரருக்கு அரிசி இலவசம். போர்க்கால ஏற்பாடு ஒன்றை உலகுக்கு எடுத்துக்காட்டான பொது விநியோகமாக வளர்த்தது தமிழ்நாடு. அந்தக் கடை இருப்பதால்தான் இன்று கல்வராயன் அடிவாரத்தில் பட்டினிச் சாவு என்ற சொல் பழங்கதை. அதற்கு நன்றி சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத எனக்கு மனம் வராது.

ஆனால் 1943இல் கேட்கப்படாத கேள்வி அப்படியே நின்றது. போர்க்காலத்தில் சோளமும் கம்பும் கேழ்வரகும் கூடப் பின்னர் கட்டுப்பாட்டுக்குள் வந்தன என்றாலும், கார்டின் நெஞ்சம் அரிசியிலேயே இருந்தது. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு வீட்டுக்கும் அரிசி வந்தபோது, இரண்டு மணி நேரம் உரலில் இடிக்கும் வேலையிலிருந்து பெண்கள் விடுபட்டார்கள். அது உண்மையான விடுதலை. விருந்துக்கு மட்டும் வெந்த சோறு தினமும் வெந்ததில் ஏழைக்கு ஒரு மானமும் இருந்தது. அதே நேரத்தில் வாங்குவார் இல்லாமல் வரகும் சாமையும் புன்செயிலிருந்து விலகின. அந்த இடத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் நிற்கின்றன. இரண்டும் பெரும்பாலும் ஆலைக்கும் தீவனத்துக்கும் போகின்றன. தொம்பைகள் காலியாகின, பின்னர் அவையே காணாமல் போயின.

2023இல், சிறுதானிய ஆண்டில், நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் கார்டு வந்து எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, புன்செய்க்காரரின் தானியம் அரசின் தராசில் ஏறியது. அந்தத் தராசு கல்வராயன் அடிவாரத்திலும், மலைமேல் வெள்ளிமலையிலும் கேழ்வரகையும் சாமையையும் நிலையாக நிறுக்க வேண்டும். மலையில் விளைவதை மலையிலேயே நல்ல விலைக்குக் கொள்முதல் செய்ய வேண்டும். இடிக்கும் வேலைக்கு உரல் வேண்டாம். ஊருக்கு ஒரு உமி நீக்கும் இயந்திரம் போதும்.

எவ்வளவு என்ற கேள்விக்குத் தமிழ்நாடு நல்ல விடை கண்டுவிட்டது. எந்தத் தானியம் என்ற கேள்விக்கு விடை, இங்கே களி கிண்டத் தெரிந்த கைகள் இருக்கும்போதே எழுதப்பட வேண்டும்.

(தொடரும்)